கரூருக்கு முன்னால் கன்னியாகுமரி வரலாமா?

தமிழ்ப் பத்திரிகை படிப்பவர்களுக்கு அணை நீர்மட்டப் பட்டியலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மே மாதக் கடைசி வந்துவிட்டால் டெல்டாக்காரர்கள் பேப்பரைப் பிரித்ததும் தேடுவது அதைத்தான். மேட்டூர் 120 அடி, பவானிசாகர் 105 அடி, அமராவதி 90 அடி, வைகை 71 அடி, பாபநாசம் 143 அடி என்று முழு உயரம் ஒரு பக்கம் இருக்கும். பக்கத்தில் இன்றைய மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம். காகிதத்தில் உள்ளங்கை அகல இடம்தான் பிடிக்கும். அதற்குள் ஒரு விவசாயிக்கு அன்று காலை வேண்டிய கணக்கு முழுக்க அடங்கிவிடும்.

அதே பட்டியலை வலைப்பக்கத்துக்குக் கொண்டுவரும்போது எதிர்பார்ப்பு கூடிவிடுகிறது. ‘வெளியேற்றம்’ என்ற தலைப்பைத் தொட்டால் அதிகம் திறந்துவிடும் அணை மேலே வர வேண்டும். மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்த மாவட்டத்து அணைகள் மட்டும் நிற்க வேண்டும். பெயரில் இரண்டு எழுத்து தட்டினால் போதும், அணை கண்ணில் பட வேண்டும். இதெல்லாம் நியாயமான எதிர்பார்ப்பு. வெகுநாளாக இந்த மாதிரிப் பட்டியல்களையும், அவற்றின் தலையில் உட்காரும் தேடல் பெட்டி, டிராப்டவுன், செக்பாக்ஸ் வகையறாக்களையும் செய்துகொண்டிருக்கிறேன். இந்த வேலையில் எதை நம்புகிறேன், எதை அடியோடு எதிர்க்கிறேன் என்பதை ஒரே இடத்தில் எழுதிவைக்க ஆசை. அதற்கு அணைப் பட்டியலையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இந்த வேலையில் வரக்கூடிய சிக்கல் அத்தனையும் அதில் இருக்கிறது.

முதலில் அடிப்படை. பட்டியல் என்றால் அது டேபிள் டேகில்தான் இருக்க வேண்டும். இதைச் சொல்ல வேண்டியிருப்பதற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. 1995-இல் நெட்ஸ்கேப் 1.1 டேபிளைக் காட்ட ஆரம்பித்தது. 1996 மே மாதம் டேவ் ராகெட் எழுதிய ஆர்எஃப்சி 1942 அதற்கு ஒழுங்கான இலக்கணம் வகுத்தது. 1997 ஜனவரியில் எச்டிஎம்எல் 3.2-இல் டேபிள் இடம்பெற்றது. ஆனால் அந்தக் காலத்தில் பக்கத்தை இடது, வலது என்று பிரித்து வடிவமைக்க வேறு வசதி கிடையாது. அதனால் தகவலே இல்லாத இடத்திலெல்லாம் டேபிளைப் போட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் பிக்சல் படத்தை முட்டுக் கொடுத்துப் பக்கங்களைக் கட்டினார்கள். சிஎஸ்எஸ் வளர்ந்த பிறகு ‘டேபிள் போடாதே’ என்ற அறிவுரை எங்கும் பரவியது. அது வடிவமைப்புக்குச் சொன்ன அறிவுரை. ஒரு தலைமுறை டெவலப்பர்கள் அதை எல்லாவற்றுக்கும் பொருத்திக்கொண்டு, உண்மையான பட்டியலைக்கூட டிவ் அடுக்கி வரைய ஆரம்பித்தார்கள். இன்றும் பல அரசுத் தளங்களிலும் வங்கித் தளங்களிலும் அதைப் பார்க்கலாம்.

டிவ் அடுக்கினால் பார்வைக்கு அப்படியே பட்டியல் மாதிரி இருக்கும். கேட்டுப் படிப்பவருக்குத்தான் நஷ்டம். என்விடிஏ மாதிரியான ஸ்கிரீன் ரீடரில் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் டேபிளுக்குள் கட்டம் கட்டமாக நகரலாம். வலப்பக்கம் போனால் ‘வெளியேற்றம்’ என்று நெடுவரிசைத் தலைப்பைச் சொல்லிவிட்டு எண்ணைச் சொல்லும். கீழே போனால் ‘பவானிசாகர்’ என்று அந்த வரியின் பெயரைச் சொல்லிவிட்டு எண்ணைச் சொல்லும். டிவ் பட்டியலில் இந்த வசதி எதுவும் கிடையாது. அறுபது எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்படும், எது எந்த அணைக்கு என்று கேட்பவரே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். டேபிள் டேக், அதற்குள் கேப்ஷன், தலைப்புக் கட்டங்களுக்கு டிஎச், ஒவ்வொரு டிஎச்சிலும் இது நெடுவரிசைக்கா வரிக்கா என்று சொல்லும் ஸ்கோப். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தில் கிடைப்பதை டிவ்வில் திரும்பக் கட்ட ஒரு வாரம் ஆகும், அப்போதும் அரைகுறையாகத்தான் வரும்.

இனி வரிசைப்படுத்துவது. தலைப்பைச் சொடுக்கினால் வரிகள் மாறும் வித்தை புதிதல்ல. 2000-களில் ஸ்டூவர்ட் லாங்ரிட்ஜ் எழுதிய சார்ட்டேபிள் என்ற சின்ன நிரலைப் பக்கத்தில் இணைத்து, டேபிளுக்கு ஒரு கிளாஸ் பெயர் கொடுத்தால் போதும். பிறகு ஜேக்வெரி காலத்தில் ஆலன் ஜார்டினின் டேட்டாடேபிள்ஸ் வந்தது. இன்றும் அது ஏராளமான அலுவலகத் திரைகளைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. என் அபிப்பிராயம்: சில நூறு வரிகள் உள்ள பட்டியலுக்கு நூலகம் வேண்டாம். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் ஜாவாஸ்கிரிப்ட் போதும். டிபாடிக்குள் இருக்கும் வரிகளை ஓர் அர்ரேயில் எடுத்துக்கொண்டு, வரிசைப்படுத்தி, அதே டிபாடியில் திரும்பச் சேர்த்தால் பிரவுசர் அவற்றைப் புது இடத்துக்கு நகர்த்திவிடும். அழிக்கவும் வேண்டாம், புதிதாக உருவாக்கவும் வேண்டாம்.

சிக்கல் இருப்பது ஒப்பிடும் இடத்தில். இங்கேதான் தமிழ்ப் பக்கம் செய்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

மாவட்ட நெடுவரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். வீராணம் ஏரி கடலூரில், மாயனூர் கதவணை கரூரில், கோமுகி அணை கள்ளக்குறிச்சியில், பேச்சிப்பாறை கன்னியாகுமரியில். ஜாவாஸ்கிரிப்டின் சார்ட்டிடம் எதுவும் சொல்லாமல் விட்டால் அது தரும் வரிசை: கடலூர், கன்னியாகுமரி, கரூர், கள்ளக்குறிச்சி. பள்ளிக்கூடத்தில் எழுத்து வரிசை படித்த எவருக்கும் இது உறுத்தும். நம் வரிசையில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று ன கடைசியில் அல்லவா வருகிறது? கடலூர், கரூர், கள்ளக்குறிச்சி, கன்னியாகுமரி என்பதுதான் சரி. அணைப் பெயர்களிலும் இதே கோளாறு வரும். விருதுநகர் மாவட்டத்து ஆனைக்குட்டம், ஆழியாறுக்கு முன்னால் போய் நிற்கும்.

காரணம் யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் இருக்கிறது. அது 1988-இன் இஸ்கி தரத்தை அடியொற்றி அமைந்தது. இந்திய எழுத்து முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அடுக்கு அதில் உண்டு. அந்த அடுக்கில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள, ழ, அதன் பிறகே வ. எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடும் நிரல் இந்த அடுக்கைத்தான் பின்பற்றும். ஜ-வும் இப்படித்தான் ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தீர்வு பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. இன்டில் தொகுப்பில் கொலேட்டர் என்று ஒன்று உண்டு. அதன் இலக்கணம் முதன்முதலில் 2012 டிசம்பரில் வெளியானது. தமிழின் மொழிக் குறியீட்டைக் கொடுத்து ஒரு கொலேட்டர் உருவாக்கிக்கொண்டு, அதன் கம்பேர் ஃபங்ஷனைச் சார்ட்டுக்குத் தந்தால் கரூரும் கன்னியாகுமரியும் அவரவர் இடத்துக்குப் போய்விடுகிறார்கள். ஒரே வரி. இந்த ஒரு வரி இல்லாத தமிழ்த் தளங்கள் எத்தனை! மாவட்டம் தேர்ந்தெடுக்கும் டிராப்டவுனில் கன்னியாகுமரியைத் தேடி அலைவது இதனால்தான். நம் எழுத்து வரிசையை நம் பக்கங்களே மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பார்கள்? அதே கொலேட்டரில் நியூமரிக் என்ற விருப்பத்தைத் திறந்துவிட்டால் ‘மதகு 9’, ‘மதகு 10’ என்பவையும் ஒழுங்காக வரும். தசம எண்களுக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அது தனி முழு எண்ணாக எடுத்துக்கொள்ளும். 6.9-க்குப் பிறகு 6.10 என்று போட்டுவிடும்.

எண்களில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. உயர நெடுவரிசையை எழுத்தாகவே ஒப்பிட்டால் 105, 119, 120, 143, 52, 71, 90 என்று வரும். சாத்தனூரின் 119-க்கும் பாபநாசத்தின் 143-க்கும் பின்னால் கிருஷ்ணகிரி அணையின் 52. இதை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்ணில் படாமல் நழுவுவது காற்புள்ளி. வெள்ளக் காலத்தில் மேட்டூரிலிருந்து லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிடுவது உண்டு. கட்டத்தில் அதை நம் வழக்கப்படி 1,20,500 என்று எழுதியிருப்போம். அதை எண்ணாக்கச் சொல்லி பார்ஸ்ஃப்ளோட்டிடம் கொடுத்தால் முதல் காற்புள்ளியிலேயே நின்றுவிடும். விடை 1. பிழைச் செய்தி எதுவும் வராது. மாநிலத்திலேயே அதிகத் தண்ணீர் வெளியேறும் அணை, வினாடிக்கு ஒரு கன அடி விடும் அணையாகப் பட்டியலின் அடியில் போய்ச் சேரும். கரையோரத்தில் இருப்பவர் அந்தப் பட்டியலைப் பார்த்து முடிவெடுக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே என் பழக்கம்: காட்டுவது வேறு, ஒப்பிடுவது வேறு. ஒவ்வொரு கட்டத்திலும் டேட்டா என்று தொடங்கும் ஒரு பண்பில் சுத்தமான எண்ணை வைத்துவிடுவேன். கண்ணுக்கு 1,20,500, நிரலுக்கு 120500. முல்லைப் பெரியாறு மாதிரியான கட்டங்களுக்கும் இதுவே வழி. அணையின் முழு உயரம் 152 அடி. 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது 142 அடி. கட்டத்தில் ‘142 / 152’ என்று இரண்டையும் காட்டலாம், ஒப்பிட எதை எடுப்பது என்பதை நாம் தீர்மானித்து எழுதிவைக்க வேண்டும். அன்றைய தேதிக்கு எவ்வளவு தேக்கலாம் என்பதுதான் படிப்பவருக்கு வேண்டும், அதனால் 142-ஐ எடுப்பேன்.

தேதியும் அப்படியே. மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2021, 2023, 2025 மூன்று ஆண்டுகளிலும் அதே நாளில் திறந்தார்கள். 2022-இல் முன்கூட்டியே மே 24, 2024-இல் தள்ளிப்போய் ஜூலை 28. இதை நாள்-மாதம்-ஆண்டு என்று எழுதி எழுத்தாக வரிசைப்படுத்தினால் மூன்று ஜூன் 12-களும் முன்னால் வந்து நிற்கும். பிறகு 24-05-2022, அதன் பிறகு 28-07-2024. ஆண்டுகள் கலைந்துபோய்விடும். எச்டிஎம்எல்லின் டைம் டேகுக்குள், டேட்டைம் பண்பில் ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதிவைத்துவிட்டால் அதை வெறும் எழுத்தாக ஒப்பிட்டாலும் சரியாக வரும்.

அளவீடு வராத கட்டங்களை என்ன செய்வது? ஏறுவரிசையோ இறங்குவரிசையோ, வெறுங்கட்டம் எப்போதும் அடியில்தான் இருக்க வேண்டும். இல்லாத தகவல் சைபர் ஆகாது. ஒரு நாள் அளவீடு வராததற்காக ஓர் அணையை வறண்ட அணையாகக் காட்டும் பட்டியல் பொய் சொல்கிறது.

சொடுக்கும் தலைப்பு பட்டனாகவே இருக்கட்டும். டிஎச்சின் மேல் ஆன்கிளிக் போட்டால் மவுஸுக்கு மட்டும்தான் வேலை செய்யும். டிஎச்சுக்குள் ஒரு பட்டன் வைத்தால் டேப் விசையில் வந்து நிற்கும், என்டரிலும் ஸ்பேஸிலும் இயங்கும், தனியாக எதுவும் எழுத வேண்டாம். எந்த நெடுவரிசை இப்போது வரிசையில் இருக்கிறதோ அந்த டிஎச்சில் மட்டும் ஏரியா-சார்ட் பண்பை ஏற்றி, ஏறுமுகமா இறங்குமுகமா என்று குறிக்க வேண்டும். அந்தப் பண்பையே சிஎஸ்எஸ்ஸிலும் பிடித்து அம்புக்குறி வரைந்துகொள்வேன். கண்ணால் பார்ப்பதும் காதால் கேட்பதும் ஒரே இடத்திலிருந்து வரும்போது ஒன்று ஒன்றோடு முரண்படாது. முதல் சொடுக்கில் பெயர் ஏறுவரிசை, எண் இறங்குவரிசை. யாரும் மிகக் குறைந்த நீர்வரத்தைப் பார்க்க அவசரமாக வருவதில்லை. மூன்றாவது சொடுக்கில் பழைய வரிசைக்கே திரும்ப வேண்டும். ஆறு வாரியாக மேலிருந்து கீழாக அணைகளை அடுக்கியிருந்தால் அந்த அடுக்கிலும் ஓர் அர்த்தம் இருக்கிறது.

எண்களை வலப்பக்கம் ஒட்டி எழுதுங்கள். தசம இலக்கங்கள் ஒரே அளவில் இருக்கட்டும்: மேட்டூர் 93.47 டிஎம்சி என்றால் பவானிசாகர் 32.80 டிஎம்சி. எழுத்துருவில் டேபுலர் எண்களைக் கேட்டு வாங்கினால் எல்லா இலக்கமும் ஒரே அகலத்தில் நிற்கும், பத்தும் நூறும் நேர்கோட்டில் வரும். தலைப்பு வரி மேலே ஒட்டியே நிற்க பொசிஷன்: ஸ்டிக்கி போதும். இரண்டு எச்சரிக்கை. பார்டர் கொலாப்ஸ் போட்டிருந்தால் ஒட்டிநிற்கும் தலைப்பின் கோடு மட்டும் வரிகளோடு உருண்டு போய்விடும், அதனால் பார்டரைத் தனித்தனியாக வைத்து இடைவெளியை சைபர் ஆக்குங்கள். அடுத்தது, போனில் பக்கவாட்டில் நகர்த்துவதற்காக டேபிளைச் சுற்றி ஓவர்ஃப்ளோ: ஆட்டோ போட்ட உறை ஒன்று இருந்தால், தலைப்பு அந்த உறைக்குள்தான் ஒட்டும், பக்கத்தோடு ஒட்டாது. உறைக்கு ஓர் அதிகபட்ச உயரம் கொடுத்து மேலும் கீழும் அதற்குள்ளேயே உருளவிட்டால் சரியாகிவிடும். போனுக்காக ஒவ்வொரு வரியையும் அட்டையாகக் கலைத்துப் போடும் பாணி எனக்கு ஒப்புவதில்லை. பட்டியலின் பலமே மேலும் கீழும் கண்ணை ஓட்டி ஒப்பிடுவதுதான். அணைப் பெயர் நெடுவரிசையை இடப்பக்கம் ஒட்டவைத்து மற்றதைப் பக்கவாட்டில் நகரவிடுவது எவ்வளவோ மேல்.

இப்போது பட்டியலுக்கு மேலே உட்காரும் படிவத்துக்கு வருவோம்.

இன்புட், செலக்ட், டெக்ஸ்ட்ஏரியா எல்லாம் 1995 நவம்பரில் வந்த எச்டிஎம்எல் 2.0-விலேயே உண்டு. அவற்றை வரைவதைப் பிரவுசர்கள் பெரும்பாலும் அந்தந்தக் கணினியின் இயங்குதளத்திடமே விட்டுவைத்தன. சிஎஸ்எஸ் 2.1-கூட இவற்றுக்கு எந்தப் பண்பு எப்படிப் பொருந்தும் என்று வரையறுக்காமல் ஒதுங்கிக்கொண்டது. வடிவமைப்பாளர் வரைந்து தந்த டிராப்டவுனும் திரையில் வந்த டிராப்டவுனும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தது அதனால்தான். அந்த எரிச்சலில் டெவலப்பர்கள் உண்மையான கருவிகளைத் தூக்கி எறிந்துவிட்டு டிவ்வாலும் ஸ்பேனாலும் போலிகளைச் செய்தார்கள். போலி டிராப்டவுனில் அம்புக்குறி நகராது. முதல் எழுத்தைத் தட்டினால் அந்த இடத்துக்குத் தாவாது. ஐபோனின் சொந்தத் தேர்வுப் பட்டியல் வராது. படிவத்தை அனுப்பினால் அதன் மதிப்பும் போய்ச் சேராது. இவை ஒவ்வொன்றையும் கையால் திரும்ப எழுத வேண்டும், எழுதுபவர்கள் குறைவு.

இன்று அந்த எரிச்சலுக்குத் தேவையே இல்லை. அப்பியரன்ஸ்: நன் என்று சொன்னால் செலக்டின் மூடிய பெட்டி நம் கைக்கு வந்துவிடும். பின்னணி, ஓரம், அம்புக்குறிப் படம் எல்லாம் நம் விருப்பம். திறந்த பட்டியல் மட்டும் இயங்குதளத்துடையதாகவே இருக்கும், அது அப்படி இருப்பதே பெரும்பாலும் நல்லது. கட்டாயம் அதையும் அலங்கரிக்க வேண்டும் என்பவர்களுக்கு 2025-இல் குரோம் 135-லிருந்து பேஸ்-செலக்ட் என்ற புது மதிப்பு கிடைக்கிறது. புரியாத பிரவுசர் அதைக் கண்டுகொள்ளாமல் பழைய செலக்டையே காட்டும், எதுவும் உடையாது. செக்பாக்ஸ், ரேடியோ பட்டன்களுக்கு நிறம் மட்டும் மாறினால் போதும் என்றால் ஆக்சென்ட்-கலர். 2021-இல் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும், 2022 மார்ச்சில் சஃபாரியிலும் வந்துவிட்டது. ஒரே வரியில் டிக் குறியின் நிறம்கூடப் பின்னணிக்கு ஏற்றபடி தானே மாறிக்கொள்ளும். நான் பாதி வேலைகளில் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முழுதாக வரைய வேண்டிய செக்பாக்ஸ் ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். ‘90 சதவீதத்துக்கு மேல் நிரம்பியவை மட்டும்’ என்று ஒரு பெட்டி. உண்மையான இன்புட்டை டிஸ்ப்ளே: நன் போட்டு ஒளித்துவிட்டுப் பக்கத்தில் ஸ்பேனால் சதுரம் வரைவது பழைய வழி. ஒளித்த கணத்திலேயே டேப் விசை அதைத் தாண்டிப் போய்விடும். அதற்குப் பதில் இன்புட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பியரன்ஸை நீக்கி, எழுத்தின் அளவைவிடச் சற்றே பெரிய சதுரமாக்கி, இரண்டு பிக்சல் ஓரம் கொடுங்கள். டிக் குறியை அதன் பிஃபோர் போலி உறுப்பில் வரையுங்கள். சின்னச் செவ்வகத்துக்கு வலது ஓரமும் கீழ் ஓரமும் மட்டும் கொடுத்து 45 டிகிரி திருப்பினால் டிக் வந்துவிடும். பின்னணி நிறத்தாலோ பாக்ஸ்-ஷேடோவாலோ டிக்கை வரையாமல் ஓரத்தால் வரையச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பார்வைக் குறைபாட்டுக்காக விண்டோஸில் உயர் மாறுபாட்டு நிறங்களைப் பயன்படுத்துபவர்களுக்குப் பிரவுசர் நம் பின்னணி நிறங்களை மாற்றிவிடும், நிழல்களை அழித்துவிடும். ஓரக்கோடு மட்டும் தப்பிப் பிழைக்கும். நிழலால் வரைந்த டிக் அவர்கள் திரையில் காணாமல் போய்விடும், பெட்டி தேர்வானதா இல்லையா என்றே தெரியாது.

அவுட்லைன்: நன் என்ற வரியை எந்தப் பக்கத்திலும் எழுதாதீர்கள். கீபோர்டில் நகர்பவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று காட்டுவது அந்த ஒரு கோடுதான். மவுஸில் சொடுக்கும்போது அது வருவது பிடிக்கவில்லையென்றால் ஃபோகஸ்-விசிபிள் இருக்கிறது, தேவையான சமயத்தில் மட்டும் காட்டும். தொடும் இடம் 2023 அக்டோபரில் வந்த வலை அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.2-இன்படி குறைந்தது 24 பிக்சல் இருக்க வேண்டும். வயலில் நின்றுகொண்டு ஈரக் கையோடு போனைத் தொடுபவரை மனத்தில் வைத்து நான் 44 வைக்கிறேன்.

தமிழுக்கென்று சிலவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். படிவக் கருவிகள் பக்கத்தின் எழுத்துருவைத் தாமாக எடுத்துக்கொள்ளாது. பக்கம் முழுக்க அருமையான தமிழ் எழுத்துரு போட்டிருப்பீர்கள், டிராப்டவுனிலும் பட்டனிலும் மட்டும் கணினியில் இருக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்து வந்து நிற்கும். ஃபான்ட்: இன்ஹெரிட் என்று சொன்னால் தீர்ந்தது. பெட்டிகளுக்கு நிலையான உயரம் வைக்காதீர்கள். ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த 32 பிக்சல் பெட்டிக்குள் ‘கீ’யின் கொக்கி மேலே வெட்டுப்படும், ‘ழு’வின் கால் கீழே வெட்டுப்படும். உள் இடைவெளியைக் கொடுத்து உயரத்தை எழுத்தே தீர்மானிக்கட்டும். எழுத்து அளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனின் சஃபாரி பெட்டியைத் தொட்டவுடன் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

தேடல் பெட்டியில்தான் நுணுக்கம் அதிகம். ஒலிப்பு முறைக் கீபோர்டில் ‘மேட்டூர்’ என்று தட்டுபவர் திரையில் முதலில் ‘ம்’ வரும், அடுத்து ‘மெ’, அதற்கடுத்துத்தான் ‘மே’. ஒவ்வொரு தட்டலுக்கும் பட்டியலை வடிகட்டினால், ‘ம்’ என்று தொடங்கும் அணை எதுவும் இல்லை என்று பட்டியல் காலியாகும், ‘மெ’க்கும் காலியாகும், ‘மே’ வந்ததும் மேட்டூர் திரும்ப முளைக்கும். கண்ணைப் பறிக்கும் இந்தத் துள்ளலைத் தவிர்க்க, கை நின்று கால் நொடி ஆன பிறகு வடிகட்டுங்கள். தேடும் சொல்லின் கடைசி எழுத்து புள்ளி வைத்ததாக இருந்தால் அந்தப் புள்ளியை எடுத்துவிட்டு ஒப்பிடுவதும் உதவும். இன்னொன்று, ‘கோமுகி’யின் ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒற்றைக் குறியாகவும் வரும், இரட்டைச் சுழிக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் வரும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. நிரலுக்கு அவை வெவ்வேறு சொல். பட்டியலில் ஒரு விதமும் தேடல் பெட்டியில் மறு விதமும் இருந்தால், கண்ணெதிரே இருக்கும் கோமுகியை ‘இல்லை’ என்று சொல்லும். இரண்டு பக்கத்தையும் நார்மலைஸ் ஃபங்ஷனில் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடுங்கள்.

வடிகட்டிய பிறகு ‘7 அணைகள்’ என்று எண்ணிக்கையை எழுத்தில் காட்டுங்கள். அந்த வரியை ஏரியா-லைவ் பகுதிக்குள் வைத்தால் ஸ்கிரீன் ரீடரும் அதைச் சொல்லிவிடும். பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் பிளேஸ்ஹோல்டரை லேபிளாக நம்பாதீர்கள், தட்டத் தொடங்கியதும் அது போய்விடும். நீர் நிலையைச் சிவப்பு, பச்சை நிறத்தால் மட்டும் சொல்லாதீர்கள், இரண்டையும் பிரித்தறிய முடியாத கண்கள் நிறைய உண்டு. ‘நிரம்பியது’ என்று எழுதிவிட்டுப் பிறகு நிறம் பூசுங்கள். எண் கேட்கும் பெட்டிக்கு டைப்: நம்பர் போடுவதைவிட இன்புட்மோட்: நியூமரிக் மேல். பிரிட்டிஷ் அரசின் வடிவமைப்புக் குழு 2020-இல் இந்த மாற்றத்தைச் செய்து காரணங்களையும் விரிவாக எழுதியது. அதில் ஒன்று, மவுஸ் சக்கரத்தை உருட்டும்போது பெட்டியில் இருக்கும் எண் தெரியாமல் மாறிவிடுவது.

கடைசியாக, நான் எந்தப் பட்டியலிலும் விட்டுக்கொடுக்காத ஒன்று. படிவத்தை உண்மையான ஃபார்ம் டேகுக்குள் வைத்து, கெட் முறையில் அமையுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் வந்துசேராத மெதுவான இணைப்பில்கூட ‘காட்டு’ பட்டனை அழுத்தினால் சர்வர் வடிகட்டிய பட்டியலை அனுப்பிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் வந்துவிட்டால் பக்கம் மாறாமலே வேலை நடக்கும், ஒவ்வொரு தேர்வையும் ஹிஸ்டரியின் ரிப்ளேஸ்ஸ்டேட் மூலம் முகவரியிலும் எழுதிவிடலாம். சேலம் மாவட்டம், வெளியேற்றம் இறங்குவரிசை என்று ஒருவர் தேர்ந்தெடுத்து அந்த முகவரியை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், திறப்பவர் எல்லாருக்கும் அதே பட்டியல் அதே வரிசையில் திறக்க வேண்டும். திரையைப் படம் பிடித்து அனுப்பினால் அது நேற்றைய அளவாகிவிடும். முகவரியை அனுப்பினால் திறக்கும் நேரத்து அளவு கிடைக்கும். அடுத்த பதிவில் சர்வர் பக்கம் இதை எப்படி எழுதுகிறேன் என்று சொல்கிறேன்.